‘ஹீலா லைசேட்’ யாருடைய உடம்பு?

உயிர்வேதியியலில் ஆய்வு செய்யும் தம்பி ஒருவர் சென்ற மாதம் கைபேசியில் ஒரு படம் அனுப்பியிருந்தார். நம் வாசிப்பு வட்டத்துக்குத் தவறாமல் வருகிறவர். அவர் குடும்பத்தில் கல்லூரிப் படியேறிய முதல் ஆள். சுண்டுவிரல் நீளம்கூட இல்லாத ஒரு பிளாஸ்டிக் குழாய். அதில் ஒட்டிய சீட்டில் ‘ஹீலா, செல் லைசேட், பாசிட்டிவ் கன்ட்ரோல்’ என்று எழுதியிருந்தது. “அண்ணா, இது இல்லாம எங்க லேப்ல எந்த ரிசல்ட்டையும் நம்ப மாட்டாங்க. ஹீலான்னா என்னன்னு கேட்டேன். அது ஒரு கேன்சர் செல் லைன், அவ்வளவுதான்னு சொல்லிட்டாங்க” என்று படத்துக்குக் கீழே எழுதியிருந்தார்.

அவ்வளவுதான் இல்லை. ஹீலா என்பது ஒரு பெண்ணின் பெயரைச் சுருக்கியது. அவர் பெயர் ஹென்ரியட்டா லாக்ஸ். அமெரிக்காவின் புகையிலை வயல்களில் வேலை செய்து வளர்ந்த கறுப்பினப் பெண். 1951இல், 31 வயதில் இறந்துபோனார். அவரைக் கேட்காமல் அவர் உடம்பிலிருந்து எடுத்த சதைத்துண்டின் செல்கள்தான் இன்றும் உலகெங்கும் ஆய்வகங்களில் பெருகிக்கொண்டிருக்கின்றன. அந்தக் குழாயில் இருப்பதும் அவைதான். தம்பிக்குச் சொல்ல வேண்டிய பதிலை எல்லாத் தோழர்களும் படிக்கட்டும் என்று இங்கே எழுதுகிறேன்.

அந்தக் குழாய் செய்யும் வேலை

அறிவியல் படிக்காத தோழர்களுக்காக முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன். நம் செல்கள் ஒவ்வொன்றிலும் ஆயிரக்கணக்கான வகைப் புரதங்கள் இருக்கின்றன. அதில் குறிப்பிட்ட ஒரு புரதம் இருக்கிறதா, எவ்வளவு இருக்கிறது என்று பார்க்க ‘வெஸ்டர்ன் பிளாட்’ என்றொரு முறை உண்டு. செல்களைச் சோப்பு போன்ற வேதிப்பொருள் கலந்த கரைசலில் போட்டு, பனிக்கட்டிமேல் வைத்து உடைக்கிறார்கள். அப்படி உடைத்துக் கிடைக்கும் சாறுதான் செல் லைசேட். அதை ஒரு ஜெல்லில் விட்டு மின்சாரம் செலுத்தினால் புரதங்கள் அளவுவாரியாகப் பிரியும். சிறியவை முன்னே ஓடும், பெரியவை பின்தங்கும். பிறகு அவற்றை ஒரு மெல்லிய சவ்வுக்கு மாற்றி, தேடும் புரதத்தை மட்டும் பிடித்துக்கொள்ளும் எதிர்ப்பொருளை அதன்மேல் விடுகிறார்கள். புரதம் இருந்தால் அந்த இடத்தில் ஒரு கோடு தெரியும்.

கோடு தெரியவில்லை என்றால்? புரதமே இல்லாமல் இருக்கலாம். அல்லது எதிர்ப்பொருள் கெட்டுப்போயிருக்கலாம், சவ்வுக்குப் புரதம் சரியாக மாறாமல் போயிருக்கலாம், கரைசலில் தவறு நடந்திருக்கலாம். எது உண்மை என்று எப்படித் தெரிந்துகொள்வது? அந்தப் புரதம் நிச்சயமாக இருக்கிறது என்று முன்பே தெரிந்த ஒரு லைசேட்டைப் பக்கத்துத் தடத்தில் ஓடவிட வேண்டும். அதிலும் கோடு வரவில்லை என்றால் சோதனையில்தான் கோளாறு. அதில் வந்து, நம் மாதிரியில் வரவில்லை என்றால், நம் மாதிரியில் அந்தப் புரதம் கண்டறியும் அளவுக்கு இல்லை என்று துணிந்து சொல்லலாம். இதற்குப் பெயர்தான் பாசிட்டிவ் கன்ட்ரோல். ஒரு தடத்துக்கு 10 முதல் 30 மைக்ரோகிராம் புரதம் போதும். கண்ணுக்குத் தெரியாத அந்த அளவுதான் மற்றத் தடங்களின் பேச்சு மெய்யா பொய்யா என்று சாட்சி சொல்கிறது. அந்தச் சாட்சிக் கூண்டில் மிக அதிகம் ஏற்றப்படுவது ஹீலா. வளர்ப்பது எளிது, எங்கும் கிடைக்கும், அதைப் பற்றி எழுதப்பட்டவை ஏராளம். நிறுவனங்கள் அதை வளர்த்து, உடைத்து, குழாயில் அடைத்து விற்கின்றன.

பெயர்களைப் பற்றி ஒன்று கவனியுங்கள். 1975இல் டி.என்.ஏ.வைக் கண்டறிய எட்வின் சதர்ன் ஒரு முறையை உருவாக்கினார். அது அவர் பெயராலேயே ‘சதர்ன் பிளாட்’ ஆனது. அந்தச் சொல்லுக்குத் தெற்கு என்றும் பொருள் இருப்பதால், ஆர்.என்.ஏ.வுக்கான முறையை விளையாட்டாக ‘நார்தர்ன்’ என்றார்கள். 1979இல் வந்த புரத முறைக்கு 1981இல் நீல் பர்னெட் ‘வெஸ்டர்ன்’ என்று பெயர் வைத்தார். ஒரு விஞ்ஞானியின் பெயரைச் சுற்றி நான்கு திசைக்கும் வேடிக்கை பேச ஆய்வகத்துக்கு நேரம் இருந்தது. தன் செல்களைக் கொடுத்த பெண்ணின் பெயரோ நான்கு எழுத்துச் சீட்டாகச் சுருங்கியிருந்தது.

புகையிலை வயலிலிருந்து மருத்துவமனைக்கு

ஹென்ரியட்டா 1920 ஆகஸ்ட் 1 அன்று வர்ஜீனியாவின் ரோனோக்கில் பிறந்தார். நான்கு வயதில் தாயை இழந்தார். கிளோவர் என்ற ஊரில் தாத்தாவிடம் வளர்ந்தார். அவர்கள் வசித்த மரக்குடில் ஒரு காலத்தில் அடிமைகள் குடியிருந்த இடம். முன்னோர் சவுக்கடிக்குக் கீழே பயிரிட்ட அதே புகையிலையைத்தான் அவரும் பயிரிட்டார். 1941இல் டேவிட் லாக்ஸை மணந்தபின், இரும்பாலை வேலையை நம்பிக் குடும்பம் பால்டிமோர் அருகே டர்னர் ஸ்டேஷனுக்குக் குடிபெயர்ந்தது. ஐந்து பிள்ளைகள்.

1951 ஜனவரி இறுதியில், உள்ளே ஏதோ முடிச்சுப்போல் இருக்கிறது என்று ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனைக்குப் போனார். அந்தப் பகுதியில் கறுப்பின ஏழைகளுக்குச் சிகிச்சை தந்த பெரிய மருத்துவமனை அது. ஆனால் கறுப்பர்களுக்குத் தனி வார்டு. பரிசோதனையில் கருப்பைவாய்ப் புற்றுநோய் என்று தெரிந்தது. ரேடியம் வைத்துச் சிகிச்சை செய்தார்கள். சிகிச்சைக்கான அனுமதித் தாளில் கையெழுத்து வாங்கினார்கள். மயக்கத்தில் இருந்தபோது கட்டியிலிருந்தும் அதன் அருகிலிருந்தும் சிறு துண்டுகளை வெட்டி எடுத்ததை மட்டும் அவரிடம் யாரும் சொல்லவில்லை.

நியாயமாக ஒன்றைச் சொல்ல வேண்டும். இப்படி எடுப்பது அன்று அமெரிக்காவில் சட்டத்துக்கு எதிரானது இல்லை. வெள்ளை நோயாளிகளிடமும் எடுத்தார்கள். ஆனால் இலவச வார்டில் படுத்திருப்பவரின் உடம்பை ஆய்வுக்கு எடுத்துக்கொள்வது அவர் செலுத்தும் கட்டணம் மாதிரிதான் என்ற எண்ணமும் அன்றைய மருத்துவர்களிடம் இருந்தது. இலவச வார்டில் யார் அதிகம் படுத்திருந்தார்கள் என்று நான் சொல்லத் தேவையில்லை.

அந்தத் துண்டு ஜார்ஜ் கை என்பவரின் ஆய்வகத்துக்குப் போனது. மனித செல்களை உடம்புக்கு வெளியே நிரந்தரமாக வளர்க்க அவர் பல ஆண்டுகளாக முயன்றுவந்தார். எல்லாம் சில நாட்களில் செத்துவிடும். உதவியாளர் மேரி குபிசெக் இதையும் சிறு துண்டுகளாக்கிக் குழாய்களில் போட்டு, நோயாளியின் பெயரிலிருந்தும் குடும்பப் பெயரிலிருந்தும் முதல் ஈரெழுத்துகளை எடுத்து ‘ஹீலா’ என்று எழுதினார். இந்தச் செல்கள் சாகவில்லை. ஏறத்தாழ ஒரு நாளைக்கு ஒருமுறை இரட்டித்தன. கேட்ட விஞ்ஞானிகளுக்கெல்லாம் கை அவற்றை இலவசமாகவே அனுப்பினார்.

அதே 1951 அக்டோபர் 4 அன்று ஹென்ரியட்டா இறந்தார். கிளோவரில் பெயர்க்கல் இல்லாத குழியில் புதைத்தார்கள். கல் நட 2010 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அதையும் மோர்ஹவுஸ் மருத்துவக் கல்லூரியைச் சேர்ந்த கறுப்பின மருத்துவர் ரோலண்ட் பட்டிலோதான் வாங்கித் தந்தார்.

டஸ்கீகியின் இரண்டு முகங்கள்

1950களில் போலியோ குழந்தைகளை முடக்கிக்கொண்டிருந்தது. ஜோனஸ் சால்க்கின் தடுப்பூசி வேலை செய்கிறதா என்று பெரிய அளவில் சோதிக்க மனித செல்கள் மலைபோல் தேவைப்பட்டன. அவற்றை உற்பத்தி செய்யும் பொறுப்பு அலபாமாவில் கறுப்பினத்தவருக்கான டஸ்கீகி கல்வி நிறுவனத்துக்கு வந்தது. ரஸ்ஸல் பிரவுன், ஜேம்ஸ் ஹெண்டர்சன் என்ற கறுப்பின விஞ்ஞானிகள் தலைமையில், கறுப்பின ஆய்வகப் பணியாளர்கள் வாரம் 20,000 குழாய்கள் வரை ஹீலா செல்களை வளர்த்து அனுப்பினார்கள். வெள்ளையர் பல்கலைக்கழகங்களின் கதவு மூடியிருந்த காலத்தில் அவர்கள் செய்த முதல்தரமான அறிவியல் பணி அது. அவர்கள் பெயர்களையும் நாம் தெரிந்துகொள்ள வேண்டும்.

அதே டஸ்கீகியில் அதே ஆண்டுகளில் வேறொன்றும் நடந்துகொண்டிருந்தது. 1932 முதல் 1972 வரை, மேகநோய் கண்ட 399 கறுப்பின ஆண்களை அமெரிக்க அரசின் பொதுச் சுகாதாரத் துறை சிகிச்சை தராமலே கவனித்துவந்தது. ஒப்பிடுவதற்காக நோயில்லாத 201 பேர். பென்சிலின் கிடைத்த பிறகும் கொடுக்கவில்லை. சிகிச்சை தராவிட்டால் நோய் எப்படி முற்றுகிறது என்று பார்ப்பதே நோக்கம். ஓர் ஊரிலேயே கறுப்பினத்தார் கைகள் அறிவியலை வளர்த்தன. கறுப்பினத்தார் உடம்புகளை அறிவியல் தின்றது. கறுப்பின மக்களுக்கு மருத்துவமனைமேல் ஏன் சந்தேகம் என்று கேட்பவர்கள் இதைப் படித்துவிட்டுக் கேட்கட்டும்.

பெயர் போனது, இனம் தங்கியது

ஹீலாவுக்குச் சொந்தக்காரர் ‘ஹெலன் லேன்’ என்று பத்திரிகைகளில் ஒரு பொய்ப்பெயர் நெடுங்காலம் உலவியது. உண்மைப் பெயர் 1971இல்தான் ஒரு மருத்துவ இதழில் சரியாக அச்சானது. ஆனால் அமெரிக்காவின் செல் சேமிப்பகத்தில், சிசிஎல்-2 என்ற எண்ணில், ஹீலாவின் விவரக் குறிப்பைப் பாருங்கள்: பெண், 31 வயது, கறுப்பினம், கருப்பைவாய். எல்லாம் இருக்கிறது. பெயரை மறந்துவிட்டு இனத்தை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளும் இந்தப் பழக்கம் நமக்குப் புதிதா தோழர்களே?

அந்த இன அடையாளம் ஒருமுறை அறிவியலையே காப்பாற்றியது. 1966இல் ஸ்டான்லி கார்ட்லர் என்ற மரபியலாளர் 18 செல் வகைகளை ஆராய்ந்தார். வெவ்வேறு மனிதர்களுடையவை என்று எல்லோரும் நம்பிய அவை அனைத்திலும் ஒரு நொதியின் ஒரே வடிவம் இருந்தது. கிட்டத்தட்ட ஆப்பிரிக்க வம்சாவளியினரிடம் மட்டுமே காணப்படும் வடிவம். ஆகவே எல்லாவற்றிலும் ஹீலா புகுந்து, மற்றச் செல்களை விரட்டிவிட்டுத் தானே வளர்ந்திருக்கிறது என்றார். பல ஆண்டு ஆய்வுகள் ஆட்டம் கண்டன. தன் லைசேட் யாருடையது என்று தெரியாமல் வேலை செய்தால் என்ன நடக்கும் என்பதற்கு இது பாடம். ‘இது யார்?’ என்ற கேள்வி அறத்தின் கேள்வி மட்டும் இல்லை. ஆய்வகத்தின் முதல் கேள்வியும் அதுதான்.

கலப்படத்தைச் சரிசெய்ய விஞ்ஞானிகளுக்கு ஹென்ரியட்டாவின் பிள்ளைகளுடைய இரத்தம் தேவைப்பட்டது. அம்மாவின் செல்கள் உயிரோடு இருப்பது குடும்பத்துக்குத் தெரியவந்ததே 1973இல்தான். அதுவும் மூத்த மருமகள் ஒரு விருந்தில் தற்செயலாகக் கேள்விப்பட்டு. ஹாப்கின்ஸிலிருந்து வந்து இரத்தம் எடுத்தபோது, அம்மாவுக்கு வந்த நோய் தங்களுக்கும் இருக்கிறதா என்று பார்க்கிறார்கள் என்றே மகள் டெபோரா நம்பினார். முடிவு வரும் என்று காத்திருந்தார். அப்படியொரு முடிவு வருவதாகவே இல்லை. 1985இல் அம்மாவின் மருத்துவக் குறிப்புகள் குடும்பத்தைக் கேட்காமல் ஒரு புத்தகத்தில் வெளிவந்தன. ஹீலாவை விற்று நிறுவனங்கள் வளர்ந்தன. லாக்ஸ் குடும்பத்தில் பலருக்கு மருத்துவக் காப்பீடுகூட இல்லை.

செல்லுக்குள் இருக்கும் சாட்சியம்

1980களில் ஜெர்மனியின் ஹரால்ட் சூர் ஹவுசன் குழு, ஹீலா செல்களுக்குள் ஹெச்.பி.வி-18 என்ற வைரஸின் மரபணு இருப்பதைக் கண்டது. ஹென்ரியட்டாவைக் கொன்ற வைரஸ். கருப்பைவாய்ப் புற்றுநோய்க்கு வைரஸே காரணம் என்று நிறுவியதற்காக சூர் ஹவுசனுக்கு 2008இல் நோபல் பரிசு கிடைத்தது. தடுப்பூசியும் வந்தது.

இந்த வைரஸ் இன்றும் அந்த லைசேட்டில் பேசுகிறது. அதன் ஈ6 என்ற புரதம், புற்றுநோயைத் தடுக்கும் பி53 புரதத்தை அழித்துவிடுகிறது. ஆகவே பி53-ஐத் தேடும் சோதனைக்கு ஹீலா நல்ல பாசிட்டிவ் கன்ட்ரோல் ஆகாது. அதே வைரஸின் ஈ7 புரதம் செய்யும் வேலையால் பி16 என்ற புரதம் மிகுந்து நிற்கிறது. கருப்பைவாயில் புற்றுநோய்க்கு முந்தைய மாற்றங்களைக் கண்டறிய இன்று பயன்படும் அடையாளம் இந்த பி16தான். அதற்கு ஹீலா சரியான பாசிட்டிவ் கன்ட்ரோல். தம்பி, உன் சவ்வில் பி16 கோடு அடர்த்தியாகத் தெரிந்தால், 1951இல் ஒரு தாய் தன் வயிற்றுக்குள் தடவிப் பார்த்த முடிச்சைத்தான் நீ பார்க்கிறாய்.

கேட்டுப் பெற்றவை

2010இல் ரெபெக்கா ஸ்க்லூட்டின் புத்தகம் வந்த பிறகே உலகம் ஹென்ரியட்டாவின் பெயரைச் சொல்லத் தொடங்கியது. அதன் பிறகும் 2013 மார்ச்சில் ஐரோப்பிய விஞ்ஞானிகள் சிலர் ஹீலாவின் முழு மரபணுத் தொகுதியைக் குடும்பத்தைக் கேட்காமல் வெளியிட்டார்கள். அவர் பேரப்பிள்ளைகளின் மரபுச் செய்தியும் அதில் அடக்கம். எதிர்ப்பு எழுந்ததும் திரும்பப் பெற்றார்கள். அந்த ஆகஸ்டில் அமெரிக்கத் தேசியச் சுகாதாரக் கழகம் குடும்பத்துடன் உடன்பாடு செய்தது. அந்தத் தகவலை யார் பயன்படுத்தலாம் என்று முடிவு செய்யும் ஆறு பேர் குழுவில் இருவர் லாக்ஸ் குடும்பத்தினர். 62 ஆண்டுகளுக்குப் பிறகு முதல்முறையாக மேசையில் இடம்.

2021 அக்டோபர் 4, அவருடைய 70ஆம் நினைவுநாளில், ஹீலாவை விற்று லாபம் பார்த்ததாக தெர்மோ ஃபிஷர் நிறுவனத்தின்மேல் அவர் வாரிசுகள் வழக்குத் தொடுத்தார்கள். 2023இல் வழக்கு சமரசத்தில் முடிந்தது. என்ன கிடைத்தது என்பது ரகசியம். அதே ஆண்டு ரோனோக்கில் அவருக்குச் சிலை வைத்தார்கள். அடிமைமுறையைக் காக்கப் போரிட்ட தளபதி ராபர்ட் லீயின் நினைவுச்சின்னம் நின்ற சதுக்கம் அது. இப்போது அதன் பெயர் ஹென்ரியட்டா லாக்ஸ் சதுக்கம்.

நமக்கு இதில் என்ன?

இது எங்கோ நடந்த கதை என்று விட்டுவிட முடியாது. 1873இல் ‘குலாம்கிரி’ நூலை எழுதிய ஜோதிராவ் புலே, அடிமைமுறையை ஒழித்த அமெரிக்க மக்களுக்கே அதைக் காணிக்கையாக்கினார். 1946இல் பாபாசாகேப் டபிள்யூ.இ.பி. டு போய்ஸுக்குக் கடிதம் எழுதி, கறுப்பின மக்கள் ஐ.நா.வுக்குத் தரும் மனுவைக் கேட்டு வாங்க முயன்றார். அவர்கள் போராட்டத்தைப் படிப்பது நம் மரபு.

இன்னும் நேரடியான தொடர்பு ஒன்று உண்டு. ஹென்ரியட்டாவின் செல்கள் வழி திறந்த அந்த ஹெச்.பி.வி. தடுப்பூசி 2009இல் இந்தியாவுக்குச் செயல்விளக்கத் திட்டமாக வந்தது. பாத் என்ற அமெரிக்கத் தொண்டு நிறுவனமும் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் மாநில அரசுகளும் சேர்ந்து, அன்றைய ஆந்திராவின் கம்மம் மாவட்டத்திலும் குஜராத்தின் வதோதராவிலும் 10 முதல் 14 வயதுவரை உள்ள ஏறத்தாழ 24,000 சிறுமிகளுக்கு ஊசி போட்டார்கள். கம்மத்தில் பலர் அரசு விடுதிகளில் தங்கிப் படித்த பழங்குடிச் சிறுமிகள். ஏழு சிறுமிகள் இறந்ததையடுத்து 2010 ஏப்ரலில் திட்டம் நிறுத்தப்பட்டது. இறப்புகளுக்கு ஊசி காரணமாக இருக்க வாய்ப்பில்லை என்றே விசாரணைக் குழு சொன்னது. ஆனால் ஒப்புதல் தாள்களை எடுத்துப் பார்த்தபோது, ஆந்திராவில் 2,700-க்கும் மேற்பட்டவற்றில் விடுதிக் காப்பாளர்களோ தலைமையாசிரியர்களோ கையெழுத்திட்டிருந்தார்கள். பெற்றோரைக் கேட்கவில்லை. 2013இல் நாடாளுமன்ற நிலைக்குழு இதைக் கடுமையாகக் கண்டித்தது.

தெளிவாகச் சொல்கிறேன்: தடுப்பூசி நமக்கு வேண்டும். கருப்பைவாய்ப் புற்றுநோயால் அதிகம் சாவது நம் சேரிகளிலும் மலைக்கிராமங்களிலும் உள்ள, பரிசோதனை வசதி எட்டாத பெண்கள்தான். ஊசிக்கு எதிராகப் பேசுவது ஹென்ரியட்டாவுக்கு மரியாதை ஆகாது. நாம் கேட்பது வேறு. விடுதியில் படிக்கும் பழங்குடிப் பிள்ளைக்கும் அம்மா அப்பா இருக்கிறார்கள். அவர்களிடம் அவர்கள் மொழியில் சொல்லிவிட்டுச் செய்யுங்கள் என்பதுதான்.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017ஆம் ஆண்டு நெறிமுறைகள் ஒப்புதல், உயிர்ப்பொருள் சேமிப்பு, பலனில் பங்கு எல்லாவற்றையும் பேசுகின்றன. தாளில் உள்ளதை ஆய்வகத்துக்குக் கொண்டுவர அங்கே நம் ஆட்கள் இருக்க வேண்டும். அறிவியல் நமக்கு எதிரானது என்று ஒதுங்கினால், அடுத்த ஹென்ரியட்டாவைப் பற்றி மேசையில் பேச ஆள் இருக்காது.

ஆகவே தம்பிக்கு என் பதில் இதுதான். அந்தக் குழாயைத் தூக்கிப் போடாதே. அதைக் கொண்டு நல்ல ஆய்வு செய். பட்டறிக்கையில் ஹீலா என்று எழுதும் இடத்தில் ஹென்ரியட்டா லாக்ஸ் என்ற பெயரையும், அவர் ஒப்புதல் இல்லாமல் எடுக்கப்பட்டது என்பதையும் ஒரு வரியில் எழுது. அமெரிக்கத் தேசியச் சுகாதாரக் கழகத்தின் கணக்கில், 1953 முதல் 2018 வரை ஹீலாவைப் பயன்படுத்திய ஆய்வுக் கட்டுரைகள் 1,10,000-க்கும் மேல். அவற்றில் சேரும் உன் கட்டுரையிலாவது அவர் பெயர் இருக்கட்டும். அரசு மருத்துவமனையிலிருந்து இரத்தமோ சதையோ உன் மேசைக்கு வரும் நாளில், “இவரிடம் கேட்டீர்களா? என்ன மொழியில் கேட்டீர்கள்?” என்று கேட்கும் ஆளாக நீ இரு.

அந்த மருத்துவமனையின் வரிசையில் நிற்பவர் உன் அம்மாவாகவும் இருக்கலாம், என் அக்காவாகவும் இருக்கலாம்.

ஜெய் பீம்.